செவிலிமேட்டில் பெய்த மழை

என் இடது கை முழங்கைக்குக் கீழே கொஞ்சம் வளைந்திருக்கும். திருமுக்கூடல் பக்கம் பாலாற்றில் மணல் அள்ளப் போயிருந்தபோது லாரியின் பக்கக் கதவு கழன்று விழுந்து எலும்பு முறிந்தது. கட்டுப் போடுகிறவர் முட்டையும் பச்சிலையும் வைத்து, மூங்கில் சிம்பு கொடுத்துக் கட்டினார். நாற்பது நாள் அசைக்காதே என்றார். நான் இருபதாவது நாள் கட்டை அவிழ்த்துவிட்டுச் செங்கல் சூளைக்குப் போய்விட்டேன். கை வளைந்தபடியே கூடிவிட்டது. இதில் யார்மேலும் குற்றம் இல்லை. சாப்பிட வேண்டியிருந்தது.

எட்டாவது வரை படித்தேன். அதற்குப் பிறகு எந்த ஊரிலும் ஒரு வருஷம் சேர்ந்தாற்போல் இருந்தது கிடையாது. சூளை, அரிசி ஆலை, கொஞ்ச நாள் லாரி கிளீனர். தொண்ணூறுகளின் நடுவில் ஒருநாள் காஞ்சிபுரம் பஸ் நிலையத்தில் இறங்கி, வேலை கேட்டுக்கொண்டே நடந்து, பெரிய காஞ்சிபுரத்தில் நெசவாளர் தெரு ஒன்றில் போய் நின்றேன். அங்கே ஒரு தறிக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். தறி ஓட்டத் தெரியுமா என்று கேட்டார். தெரியாது. நூல் பிணைக்க? தெரியாது. "அப்போ இன்னாதான் நைனா தெரியும்?" என்றார். கனமானதைத் தூக்குவேன் என்றேன். சிரித்துவிட்டு, தறி வீட்டு மூலையில் படுத்துக்கொள்ளச் சொன்னார். அவர் எல்லோரையும் நைனா என்றுதான் கூப்பிடுவார், அவர் அம்மாவைத் தவிர.

எனக்குக் கிடைத்தது தெரு வேலை. சேலைக்கு நீளவாட்டில் போகிற நூலைப் பாவு என்பார்கள். மூன்று சேலைக்குச் சேர்த்து ஒரே பாவாக இருக்கும். தறியில் ஏற்றுவதற்கு முன்னால் அதைத் தெருவின் நீளத்துக்கு நீட்டி, இரண்டு பக்கமும் மூங்கில் நிறுத்தி இழுத்துக் கட்டி, கையால் கஞ்சி தடவி, அறுந்த இழைகளைப் பிணைத்து, வெயில் சுள்ளென்று ஏறுவதற்குள் காயவைத்துச் சுருட்ட வேண்டும். விடிந்தவுடன் தொடங்கினால் இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். ஒரு வீட்டுப் பாவுக்கு ஏழெட்டு வீட்டு ஆட்கள் வருவார்கள். சைக்கிளில் வருகிறவன்கூட இறங்கி, சுவரோரமாகத் தள்ளிக்கொண்டு போவான்.

கஞ்சி ஈரமாக இருக்கும்போது மழை பிடித்துக்கொண்டால் தீர்ந்தது. இழைகள் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொள்ளும், சாயம் திட்டுத் திட்டாக வெளுக்கும். அதனால் அந்தத் தெருவில் காலையில் முதல் பேச்சு, பாவு போடலாமா வேண்டாமா என்பதுதான். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வழி இருந்தது. ஒரு வீட்டில் எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு போகிறதா என்று பார்ப்பார்கள். ஒரு வீட்டில் உப்பு ஜாடி. இன்னொருவர் தறிக் கயிற்றைச் சுண்டிப் பார்ப்பார். ஈரக் காற்றில் கயிற்றின் சத்தம் மாறிவிடுமாம். ரேடியோவும் உண்டு. ஓரிரு இடங்களில் மழை பெய்யலாம் என்று அது தினமும் சொல்லும். அந்த ஓரிரு இடம் எந்த இடம் என்று கேட்டுச் சிரிப்பார்கள்.

இந்தக் கூட்டத்தில் என் கை எப்படிச் சேர்ந்தது என்பதைச் சொல்ல வேண்டும். புரட்டாசியில் ஒருநாள் காலை கை குடைந்துகொண்டிருந்தது. தறிக்காரரிடம் தேய்ப்பதற்குத் தைலம் இருக்கிறதா என்று கேட்டேன். எதற்கு என்றார். மழை வருகிற நாளில் இப்படிக் குடையும் என்று, அடிபட்டவர்கள் எல்லோரும் சொல்வதைத்தான் நானும் சொன்னேன். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அன்றைக்கு அடுப்பு எரியாமல் கஞ்சி வேக நேரமாகிவிட்டது. ஆட்கள் பேசிக்கொண்டு நின்றார்கள். மூங்கிலை நிறுத்துவதற்குள் மழை கொட்டியது.

பாவைக் காப்பாற்றியது வேகாத கஞ்சி. பேர் என் கைக்குப் போனது.

மறுநாள் காலை நான் பல் துலக்கிக்கொண்டிருக்கும்போதே தறிக்காரர் வந்து நின்றார். "கை இன்னா சொல்லுது?" என்றார். கேலி என்று நினைத்து, "ஒண்ணுமில்லண்ணா" என்றேன். அவர் தெருவைப் பார்த்துத் திரும்பி, ஒண்ணுமில்லையாம், போடுங்கப்பா என்று சத்தமாகச் சொன்னார். அன்றைக்கு நல்ல வெயில். அதற்கடுத்த நாளும் கேட்டார். ஒரு மாதத்துக்குள் எதிர்வரிசை வீடுகளிலிருந்தும் வந்து கேட்க ஆரம்பித்தார்கள். எனக்கு இரண்டே பதில்தான். குடையுது என்றால் மழை. ஒண்ணுமில்ல என்றால் பாவு போடலாம். இப்படி ஒரு ஏற்பாட்டை யாரும் உட்கார்ந்து பேசி வைக்கவில்லை. அதுவாக வந்தது.

சங்கடம் என்னவென்றால், யாரும் கேட்காதபோது எனக்குத் தெளிவாக இருந்த வலி, கேட்க ஆரம்பித்த பிறகு குழம்பிவிட்டது. கேட்டவுடன் கை லேசாக வலிக்கிற மாதிரி இருக்கும். கொஞ்சம் பொறுத்துப் பார்த்தால் வலிக்காத மாதிரி இருக்கும். எதிரில் நான்கு பேர் என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நான் கண்ணை மூடி உள்ளே தேடுவேன். அவர்கள் அதை வேறு விதமாக எடுத்துக்கொண்டார்கள். சாமி வந்தவனிடம் குறி கேட்கிற மாதிரி இன்னும் அமைதியாக நிற்பார்கள். அவசரத்தில் ஏதாவது ஒன்றைச் சொல்லிவிடுவேன். எதை வைத்துச் சொன்னேன் என்று பிறகு யோசித்தால் எனக்கே தெரியாது. கையா, வானமா, உப்பு ஜாடி வீட்டுக்காரர் முகம் போகிற போக்கா?

தப்பாகவும் சொல்லியிருக்கிறேன். குடையுது என்று சொன்ன ஒருநாள் சாயங்காலம்வரை ஒரு சொட்டு விழவில்லை. பாவு போடாமல் போன வீட்டுக்காரர் என்ன சொல்வாரோ என்று பயந்து, தறி வீட்டை விட்டு வெளியே வராமல் இருந்தேன். இருட்டுகிற நேரத்தில் தறிக்காரர் சந்தோஷமாக உள்ளே வந்தார். "செவிலிமேட்டுல பேஞ்சுதாம்பா" என்றார்.

செவிலிமேடு ஊரின் தென்கோடி. பாலாற்றுப் பக்கம். அங்கிருந்து டவுன் பஸ்ஸில் வந்த யாரோ சொல்லியிருக்கிறார்கள். அது போதும். அதற்குப் பிறகு என் கை தப்பே செய்ய முடியாது என்று ஆகிவிட்டது. இங்கே பெய்யாவிட்டால் செவிலிமேட்டில் பெய்திருக்கும். அங்கேயும் பெய்யவில்லை என்று தெரிந்தால், பஸ் வராத ஏதாவது ஊரில் பெய்திருக்கும்.

அந்தச் சமயத்தில்தான் சென்னையிலிருந்து ஒரு அம்மா வந்தார். ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறவர். கையில் டேப் ரிக்கார்டர், தோளில் ஜோல்னாப் பை. ஊர் ஜனங்களிடம் இருக்கிற மரபு அறிவைச் சேகரிக்கிறேன் என்றார். அறிவு என்ற சொல்லை எட்டாவதுக்குப் பிறகு யாரும் என்னைப் பார்த்துச் சொன்னதில்லை. எறும்பு வீடு, உப்பு வீடு, கயிறு வீடு எல்லாம் போய் எழுதிக்கொண்டு கடைசியில் என்னிடம் வந்தார். இது உங்கள் குடும்பத்தில் வழிவழியாக வருவதா என்று கேட்டார். தறிக்காரர் முந்திக்கொண்டார்.

"பரம்பரைதாம்மா. இவங்க அப்பாருக்கும் லாரிக் கதவுதான் விழுந்துது."

தெருவே சிரித்தது. அந்த அம்மாவும் சிரித்தார். ஆனால் சிரித்து முடித்ததும் அவர் கேட்ட கேள்வியை நான் இன்றுவரை மறக்கவில்லை. வலித்த நாளில் எல்லாம் மழை வந்ததா, வலிக்காத நாளில் மழை வரவே இல்லையா, யாராவது கணக்கு வைத்தீர்களா என்றார். யாரும் வைக்கவில்லை. அவர் நோட்டில் நான்கு கட்டம் போட்டுக் காட்டினார். வலி உண்டு மழை உண்டு, வலி உண்டு மழை இல்லை, வலி இல்லை மழை உண்டு, வலி இல்லை மழை இல்லை. ஒவ்வொரு நாளும் ஏதாவது ஒரு கட்டத்தில் ஒரு கோடு போட்டால் போதும், கொஞ்ச நாளில் தெரிந்துவிடும் என்றார்.

அவர் போன பிறகு தறி வீட்டுச் சுவரில் கரித்துண்டால் நான்கு கட்டம் போட்டேன். பத்து நாள் ஒழுங்காகக் கோடு போட்டேன். பதினோராவது நாள் கை வலித்தது, இங்கே மழை இல்லை, செவிலிமேட்டில் பெய்தது என்றார்கள். அதை எந்தக் கட்டத்தில் போடுவது? யோசித்துவிட்டு ஐந்தாவதாக ஒரு கட்டம் போட்டு, செவிலிமேடு என்று எழுதினேன். பிறகு லேசாக வலித்து லேசாகத் தூறிய நாள் வந்தது. வலி காலையில், மழை மறுநாள் காலையில் என்று ஒன்று வந்தது. கட்டங்கள் ஒன்பதாகிவிட்டன. செவிலிமேட்டுக் கட்டத்தில்தான் கோடு அதிகம். தீபாவளிக்குத் தறிக்காரரின் மனைவி சுவருக்கு வெள்ளையடித்துவிட்டார். எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

சென்னை அம்மா யாரிடமெல்லாமோ கேட்டார், எங்கள் பக்கத்து வீட்டு அக்காவிடம் மட்டும் கேட்கவில்லை. அந்த அக்கா தறியில் உட்கார்ந்து தானே நெய்கிறவர். அவர் வீட்டுக்காரர் தறியை விட்டுவிட்டு ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கம்பெனி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். வீட்டில் அக்காவும் அவருடைய தங்கையும்தான் தறியைப் பார்த்துக்கொண்டார்கள். டேப் ரிக்கார்டர் ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் அக்கா அங்கேயேதான் ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருந்தார். நடுநடுவில் ஒற்றை இழையைப் பிடித்துக் கீழுதட்டில் இழுத்துப் பார்ப்பார். நான் அதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். நூலில் சிக்கு பார்க்கிறார் என்று நினைத்திருந்தேன்.

ஒருநாள் வெற்றிலை நீட்டினேன். மத்தியானத்துக்கு மேல்தான் போடுவேன் என்றார். ஏன் என்றேன். வெற்றிலை போட்டால் உதடு மரத்துப்போகும், காலையில் நூல் ஈரத்தை உதட்டில்தான் பார்க்க வேண்டும் என்று, அடுப்பில் உலை வைக்க வேண்டும் என்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார். பட்டு காற்றிலிருக்கிற தண்ணீரைக் குடிக்குமாம். விரலுக்குத் தெரியாதது உதட்டுக்குத் தெரியுமாம். மழை வரப்போகிற காலையில் இழை உதட்டில் வழுக்காமல் ஒட்டி ஒட்டிப் போகுமாம். அப்படியானால் தெருவில் சொல்லலாமே என்றேன். இதெல்லாம் ஒரு விஷயமா, எல்லாப் பொம்பளைக்கும் தெரிந்ததுதானே என்றார். பிறகு, உன் கை அளவுக்கு வருமா என்றும் சொன்னார். கேலியா என்று முகத்தைப் பார்த்தேன். தெரியவில்லை.

அந்த அக்காவின் தங்கைக்குக் கார்த்திகைக் கடைசி முகூர்த்தத்தில் கல்யாணம் வைத்திருந்தார்கள். அதை விட்டால் மார்கழி, அப்புறம் தை. மாப்பிள்ளை வீட்டில் தை வரை காத்திருக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அக்காவுக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. இத்தனை வருஷம் ஊரார் பெண்களுக்கு முகூர்த்தச் சேலை நெய்தாயிற்று, இவளுக்கும் என் தறியில் ஒன்று நெய்துவிட வேண்டும் என்பது. அவர்கள் வீட்டில் அதுவரை யாரும் தாங்கள் நெய்த பட்டைக் கட்டியதில்லை. அக்காவே கடையில் வாங்கின வாயில் துணிச் சேலையில்தான் தாலி கட்டிக்கொண்டார். பட்டு கொடுத்துக் கூலிக்கு நெய்து வாங்குகிற முதலாளி ஒத்துக்கொண்டார். மூன்று சேலைக்கான பாவு. அரக்கு நிறம். நாள் குறைவாக இருந்ததால் முதலில் அறுக்கிற சேலை தங்கைக்கு, மற்ற இரண்டும் முதலாளிக்கு என்று பேச்சு.

ஐப்பசி முடிகிற நேரம். மூன்று நாள் விடாத மழை. தறிக் குழியில் தண்ணீர் ஊறி, சொம்பால் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தோம். நான்காம் நாள் விடியும்போது வானம் வெளுத்திருந்தது. அன்றைக்குப் பாவு போடாவிட்டால், பிறகு தறியில் ஏற்றிப் பிணைத்து நெய்து முடிக்க நாள் போதாது. தெருவில் எல்லோருக்கும் அது தெரியும். யாரும் கூப்பிடாமலே ஆட்கள் வந்துவிட்டார்கள்.

என் கையோ மூன்று நாளாக வலித்துக்கொண்டே இருந்தது. அது பெய்த மழைக்கான வலியா, பெய்யப்போகிற மழைக்கா, குழியில் தண்ணீர் மொண்டதாலா? பழைய வலி முடிந்து புது வலி தொடங்குகிற இடம் எனக்குப் பிடிபடவில்லை. தெரியவில்லை என்று சொல்லிவிடலாம் என்று முடிவு செய்துகொண்டுதான் வெளியே வந்தேன்.

அக்கா பாவின் கிழக்கு முனையில் நின்றிருந்தார். ஒரு இழையை எடுத்து உதட்டில் இழுத்தார். கொஞ்சம் நின்று, இன்னொரு தடவை இழுத்தார். கிழக்கே பார்த்தார். நான் மூங்கிலைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு அவரைக் கடந்துபோனேன். பாரம் சரிந்தபோது இடது கையால் தாங்கிவிட்டேன். வலி சுரீரென்று தோள்வரை ஏறியது. முகம் சுளித்திருக்க வேண்டும்.

"இன்னாப்பா, வலிக்குதா?" என்றார் அக்கா.

தங்கை கல்யாணக் கவலையில் நிற்கிற ஒருத்தர் நம் வலியை விசாரித்தால் யாராக இருந்தாலும் என்ன சொல்வார்களோ அதைத்தான் நானும் சொன்னேன்.

"ஒண்ணுமில்லக்கா."

பின்னால் கஞ்சிக் குண்டானோடு வந்த தறிக்காரர் காதில் அது விழுந்தது. "ஒண்ணுமில்லையாம்பா" என்றார். அடுத்த ஆள் அதை வாங்கி அடுத்த ஆளுக்குச் சொன்னார். தெருக்கோடி வரை ஒண்ணுமில்லையாம், ஒண்ணுமில்லையாம் என்று போய்ச் சேர்ந்தது. மேற்கு முனையில் இழுத்துக் கட்டத் தொடங்கிவிட்டார்கள்.

நான் சொன்னது அந்த ஒண்ணுமில்லை அல்ல என்று அப்போதே கத்தியிருக்கலாம். ஏன் கத்தவில்லை என்று இத்தனை வருஷமாக யோசிக்கிறேன். பயம் இல்லை. வலி மூங்கிலால் வந்தது என்றால் நான் சொன்னது சரியாகவும் இருக்கலாம் என்று தோன்றியது. மூங்கிலால் வந்த வலியைக் கழித்துவிட்டால் மிச்சம் வலி இருக்கிறதா என்று நின்று பார்த்தேன். இருக்கிற மாதிரியும் இருந்தது. நான் பார்த்து முடிப்பதற்குள் அவர்கள் கட்டி முடித்துவிட்டார்கள். அக்கா இழையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு அவரும் குனிந்து கஞ்சியில் கை வைத்தார்.

முக்கால்வாசி தடவியிருப்போம். தங்கை கிழக்குக் கோடியில் அறுந்த இழைகளைப் பிணைத்துக்கொண்டிருந்தாள். "அக்கா, தூறுது" என்று மெதுவாகச் சொன்னாள். மெதுவாகச் சொன்னால் மெதுவாகப் பெய்யும் என்கிற மாதிரி. நாங்கள் நின்ற இடத்தில் ஒன்றும் இல்லை. தெருவின் அந்தக் கோடியில் மட்டும் மண் கறுத்துக்கொண்டு வந்தது. மழை கிழக்கிலிருந்து வீடு வீடாக நடந்து வந்தது. மேற்கு முனையிலிருந்துதான் சுருட்ட முடியும். ஆட்கள் அவசர அவசரமாகச் சுருட்டினார்கள். புடவை, துண்டு, சாக்கு, எது கிடைத்ததோ அதைப் பாவின்மேல் பிடித்தார்கள். தங்கை தன் தாவணியை அவிழ்த்து இழைகளின்மேல் விரித்துவிட்டு அப்படியே குறுக்கே கவிழ்ந்துகொண்டாள். சுருள் அவளிடம் வந்து சேர்ந்தபோது கிழக்குப் பக்கம் மூன்றில் ஒரு பங்கு நனைந்திருந்தது. அது தறியில் முதலில் வரவேண்டிய பங்கு.

இரண்டு சேலைக்கான பாவு தப்பித்தது. அது முதலாளிக்கு. நனைந்தது தங்கையுடையது. முகூர்த்தச் சேலையில் கறை இருந்தால் மாப்பிள்ளை வீட்டார் என்ன பேசுவார்கள் என்பதை யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அன்று சாயங்காலமே தெருவில் முடிவு சொல்லிவிட்டார்கள். எனக்கு நல்ல திட்டு விழும் என்று காத்திருந்தேன். நடந்தது வேறு. கை சரியாகத்தான் சொல்லியிருக்கிறது, மூங்கிலைத் தூக்கும்போது அவன் முகம் போன போக்கை நானே பார்த்தேன் என்று கயிறு வீட்டுக்காரர் சாட்சி சொன்னார். வாய்தான் மாற்றிச் சொல்லிவிட்டது என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். அடுத்த நாள் காலை தறிக்காரர் வந்தார். கை என்ன சொல்கிறது என்று கேட்கவில்லை. என் கையைப் பிடித்து, வளைந்த இடத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தி, என் முகத்தைப் பார்த்தார். "உன் வாய நம்புறதுக்கில்ல நைனா" என்றார். அதிலிருந்து தினமும் அப்படித்தான். அழுத்தினால் யாருக்கும் வலிக்கும் என்று சொன்னேன். நீ பேசாதே என்றார்கள்.

அக்காவிடம் சொல்லிவிட வேண்டும் என்று மூன்று நாள் சுற்றினேன். அவரும் தங்கையும் தறிக்கு முன்னால் உட்கார்ந்து, ஈரத் துணியால் ஒற்றி ஒற்றி, ஒட்டிக்கொண்ட இழைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். கை வைக்கிறபோதெல்லாம் ஒன்று அறுந்தது. அறுந்ததை அறுந்த இடத்திலேயே பிணைத்தார்கள். நான் வாசலில் நின்றபடி, அன்றைக்கு நான் சொன்ன ஒண்ணுமில்லை வேறு ஒண்ணுமில்லை என்று ஆரம்பித்து, குழறி, பாதியில் நிறுத்தினேன்.

அக்கா தலையைத் தூக்கவில்லை. "என் உதடு சொல்லிச்சுப்பா. ரெண்டு தடவை சொல்லிச்சு. நான்தான் அத்த உட்டுட்டு உன் கையக் கேட்டேன்" என்றார்.

அது மன்னிப்பா, திட்டா? இழையை ஒற்றியபடியே, சும்மா நிற்கிறதற்குப் பக்கத்தில் வந்து உட்கார் என்றார். உடம்புக்கும் கரைக்கும் வேறு வேறு நிறம் வைத்து நெய்கிற சேலைக்கு ஓரத்தில் இன்னொரு ஆள் உட்கார்ந்து, குறுக்கே ஓடுகிற ஊடை நூல் வைத்த நாடாவைத் தள்ள வேண்டும். தங்கை இழை பிணைப்பதில் இருந்ததால் அந்த இடம் காலியாக இருந்தது. இரண்டு வாரத்துக்கு மேல் நான் அங்கே உட்கார்ந்து, அக்கா கண்ணைக் காட்டும்போது நாடாவைத் தள்ளினேன். வளைந்த கை அந்த வேலைக்குத் தோதாக இருந்தது. அதற்குமுன் அது எதற்கும் தோதாக இருந்ததில்லை.

மழை விழுந்த இடங்கள் சேலையில் வந்தன. என் கண்ணுக்கு மிக அருகில் வந்தன. அரக்கு நிறத்தில் காசு காசாக வெளுப்பு, நடுநடுவே சொரசொரப்பு. ஒவ்வொரு திட்டும் வரும்போது அக்கா இழையைக் கிட்டே போய்ப் பார்த்து, ஊடை நூலைக் கொஞ்சம் நெருக்கி அடிப்பார். சில இடத்தில் ஒரு இழையை மட்டும் விரலால் நகர்த்துவார். எதற்கு என்று கேட்டேன். தெரியல, கை போற வழி என்றார். சென்னை அம்மா இருந்திருந்தால் இதை எந்தக் கட்டத்தில் எழுதியிருப்பாரோ.

கல்யாணம் கோயிலை ஒட்டிய சிறிய மண்டபத்தில் நடந்தது. நான் பந்தியில் தண்ணீர் ஊற்றுகிற வேலையில் இருந்தேன். மேளம் கேட்டதும் ஜக்கோடு போய்க் கூட்டத்தின் ஓரத்தில் நின்றேன். தங்கை அந்தச் சேலையில்தான் உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளையின் அம்மா முந்தானையைத் தூக்கி, திருப்பி, தடவிப் பார்த்தார். அவர் பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொன்னார். அந்த அம்மாளும் தடவிப் பார்த்தார். பிறகு இருவரும் வேறு பேச்சுக்குப் போய்விட்டார்கள்.

பெண்ணும் மாப்பிள்ளையும் அக்கினியைச் சுற்றி வந்தபோது நான் சேலையையே பார்த்தேன். தோள், இடுப்பு, கரை, கால்மாட்டில் புரள்கிற மடிப்பு. ஒவ்வொரு திட்டும் எத்தனை விரல் அகலம் என்று எனக்குத் தெரியும். ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. வெளிச்சம் காரணமா, மடித்துக் கட்டியதில் உள்ளே போய்விட்டதா, இல்லை தறியில் நான் பார்த்தது அவ்வளவு பெரியதே இல்லையா? மழை விழுந்தது நிஜம். நான் நின்று பார்த்தேன்.

அக்கா அட்சதைத் தட்டோடு என் பக்கமாக வந்தார். கிட்டே போய், "அக்கா, அந்த எடம் எங்க?" என்று கேட்டேன்.

"எந்த எடம்?" என்றார்.

நிஜமாகவே மறந்துவிட்டாரா, வாயை மூடு என்கிறாரா என்று அவர் முகத்தைத் தேடினேன். அவர் தட்டை என் கையில் கொடுத்துவிட்டு மணவறைக்குப் போனார். தங்கையின் காலடியில் குந்தி உட்கார்ந்து, சேலையின் கொசுவத்தைப் பிடித்து, ஒவ்வொரு மடிப்பாக நீவிச் சரிசெய்தார். நான் பார்த்தவரைக்கும் அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.